கார்பன் தாளில் ஒரு கைநாட்டு

போன வாரம் எங்கள் பள்ளிக்கரணை அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் மாடிவீட்டுப் பெண் போனை நீட்டினாள். அணுக் கழிவு பற்றி ஏதோ புதுச் சட்டம் வருகிறதாம், எதிர்த்து மனு. "கட்டை விரலால ஒரு தட்டு தட்டுங்க அங்கிள், போதும்." கட்டை விரல் என்றதும் எனக்குக் கார்பன் தாள் வாசனை அடித்தது. வயசானால் மூக்கு இப்படித்தான், சம்பந்தமில்லாத வேலை பார்க்கும்.

எழுபதுகளில் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தேன். ஆபீஸில் டைப்பிஸ்ட். என் ஆங்கிலத்தைப் பற்றி எனக்கே ரொம்ப உயர்ந்த அபிப்பிராயம். அப்போதும் இப்படி ஒரு சட்டம் வரப்போவதாகப் பேச்சு. அணுக் கழிவை எந்தப் புறம்போக்கிலும் புதைக்கலாம், ஊர்க்காரர்களைக் கேட்க வேண்டியதில்லை என்று. எங்களைச் சுற்றிலும் கைவிட்ட கல்குவாரிப் பள்ளங்கள், எல்லாம் புறம்போக்கு. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் இயற்பியல் வாத்தியார் சாமுவேல் சார் வீட்டில் காபியோடு மனு தயாரானது.

"வேணாம்னு மட்டும் எழுதினா தூக்கிப் போட்டுடுவாங்க. வேற எடம் ஒண்ணு சஜஸ்ட் பண்ணணும்" என்றார் சார். ஆபீஸ் மனுக்களில் அதுதான் மரியாதை. 'ஆள் நடமாட்டமில்லாத பள்ளிக்கரணைச் சதுப்பு' என்று ஆங்கிலத்தில் அழகாக அடித்தேன். "பிரமாதம்" என்றார் சார். பூரித்துப்போனேன், கழுதை.

மறுநாள் காலை கண்ணம்மாக்கா வந்தார். அந்தச் சதுப்பில் பிடித்த கெளுத்தியைக் கூடையில் சுமந்து எங்கள் தெருவில் விற்பவர். மேஜைமேல் கிடந்த மனுவைப் பார்த்து, "இன்னா தம்பி இது?" என்றார்.

"விஷக் குப்பைய நம்ம பக்கம் கொட்டக் கூடாதுன்னு மனுக்கா."

"நல்ல வேலை. நானும் ஒரு கை வெக்கிறேன். எனக்கும் புள்ளகுட்டி கீது."

கார்பன் தாளில் விரலைத் தேய்த்து அழுத்தி வைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வீடு அந்தச் சதுப்புக் கரையில்தானே இருக்கிறது. சொல்லியிருக்கலாம், கிழித்துவிட்டுத் திரும்ப அடித்திருக்கலாம். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டு மீனை வாங்கினேன். மத்தியானம் அந்த மனு டெல்லிக்குப் போய்விட்டது.

சட்டம் ஏனோ வரவில்லை. ஆனால் அந்தச் சதுப்பை ஆளில்லாத இடம் என்று நினைத்தது நாங்கள் மட்டுமா? பின்னாளில் நகரத்துக் குப்பையெல்லாம் அங்கேதான் வந்தது. மிச்ச இடத்தில் அடுக்ககங்கள் எழும்ப, எங்களைப் போன்றவர்கள் குடிவந்தோம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் இருந்த மனுவைக் கடைசிவரை படித்தேன். 'மக்கள் வசிக்காத பகுதிக்கு மாற்றலாம்' என்று ஒரு வரி.

"இது எந்த எடம்மா?"

"எங்கேயாவது இருக்கும் அங்கிள்."

"அந்த வரிய எடுத்துட்டு வாம்மா, தட்டறேன்" என்றேன். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு லிப்ட்டில் ஏறினாள். நான் அங்கேயே நின்றேன். கண்ணம்மாக்கா வலை போட்ட தண்ணீர் அந்தக் கார்களுக்குக் கீழேதான் எங்கேயோ இருந்தது.