தேயிலைக்கு ஊற்றிய உப்புத் தண்ணீர்

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குத் தண்ணீர் கீழே ஓடையோரப் பீலிக் குழாயிலிருந்துதான் வரவேண்டும். வந்தது அம்மாவின் இடுப்பில். நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து, குடத்தோடு மேடு ஏறுவாள்.

அப்பா தோட்டத்தில் பேர் பதியாமல் வெளிவேலைக்குப் போகிறவர். ஒருமுறை மேற்குக் கடற்கரையில், நிலத்தடித் தண்ணீர் எந்த இடத்தில் கடலுக்குள் போகிறது என்று ஆராய்ந்தவர்களுக்கு வயர் இழுக்கப் போனார். மணலில் இரும்புக் கம்பிகளை வரிசையாக அடித்து மின்சாரம் விட்டால், அடியில் இருப்பது நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்று கருவி காட்டிவிடுமாம். காய்ந்த மணலில் மின்சாரம் லேசில் இறங்காது. அதனால் கம்பியடியில் உப்புத் தண்ணீர் ஊற்றுவதும் அப்பாவின் வேலை.

திரும்பி வந்தவருக்கு ஒரே கொதிப்பு.

"கடல்ல போய் விழுற தண்ணிக்கு அம்புட்டு பேரு அலையிறாங்க. நம்ம காலுக்குக் கீழ பாக்க ஒருத்தன் இல்ல."

எங்கள் லயத்தடியிலும் தண்ணீர் இருக்கிறதா பார்க்கச் சொல்லி, அந்த ஆராய்ச்சிக்குத் தலைவரான பெரிய சேரிடம் கெஞ்சியிருக்கிறார். அவரும் மாதக் கடைசியில் எங்கள் லயத்துக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

வருகிறவருக்கு வேலை மிச்சமாகட்டும் என்று அப்பா முன்கூட்டியே தயாரானார். லயத்துக்கு மேலே, தேயிலை நிரைகளுக்குள் கம்பி அடிக்கத் தோதான இடங்களில், கல்லுப்பைக் கரைத்துத் தினமும் வாளி வாளியாக ஊற்றினார். அதற்கும் தண்ணீர் சுமந்தது அம்மாதான். லயமே நின்று வேடிக்கை பார்த்தது, தடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சேர் வருவதற்குள் தேயிலை கருகிவிட்டது. மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அதைத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் சொன்னார். தண்டிக்க அப்பாவுக்குத் தோட்டத்தில் பேரில்லை, அம்மாவுக்கு இருந்தது. வேலைக்குப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டில் எல்லோர் முன்னாலும் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

"அவரு செஞ்சதுக்கு என்னைய நிறுத்துறீங்களேங்கய்யா!"



சேர் சொன்னபடி வந்தார். இன்றைக்கும் எனக்குக் கசப்பது அதுதான். கம்பி அடிக்கத் துரை விடவில்லை. சேர் கருகிய செடியடியில் குனிந்து மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"இது மணல் இல்லையே. இந்த மண்ணுக்கு உப்பே தேவையில்ல."

அப்பா தலையைத் தூக்கவில்லை.

இதெல்லாம் எனக்கு அப்போது எங்கே புரிந்தது? வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் அம்மாவுக்காக ஏங்கி வளர்ந்தவள் நான். அவளை நிறுத்திய அன்று, இனிப் பகலெல்லாம் வீட்டில் இருப்பாள் என்று தலைகால் புரியாத சந்தோஷம். ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு லயம் முழுக்க ஓடினேன்.

"எங்கம்மாவுக்கு இனிமே வேலையே இல்ல!"