இரண்டாவது ஹேர்னியா

என் மகனுக்கு ஒரு வயதாகியும் வலது பக்க விதை, விதைப்பைக்குள் இறங்கவில்லை. தடவிப் பார்த்த வைத்தியர், கைக்கே அகப்படவில்லை, வயிற்றுக்குள் எங்கேயோ நிற்கிறது என்றார். அப்படியே விட்டால் சுருங்கிப் போகலாம். பிற்காலத்தில் புற்றுநோய்கூட வரலாம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் கவலைப்பட்டது, இதை எங்கள் சனத்துக்கு எப்படிச் சொல்வது என்றுதான். சிங்கக்குட்டி பிறந்திருக்கிறான் என்று ஊரெல்லாம் படம் அனுப்பிய தகப்பன் அல்லவா நான்!

"ஹேர்னியா, குடலிறக்கம் எண்டு சொல்லுவம்," என்றேன் மனைவியிடம்.

"ஏன், பிள்ளை களவெடுத்தவனோ?" என்றாள்.

நான் கேட்கவில்லை. நகரத்தின் மற்றப் பக்கம், செயின்ட்-மிஷேலில் இருக்கும் என் அண்ணைக்கும் ஹேர்னியா என்றே சொன்னேன். கோயிலில் ஒருவருக்குச் சொன்னேன். மிச்சப் பேருக்கு அவர் சொல்லிவிட்டார்.

நான் டவுன்டவுன் சாப்பாட்டுக் கடைகளில் ஃபிரிட்ஜ் திருத்துபவன். உலகத்தில் எதைப் பார்த்தாலும் எனக்குக் குழாயாகத்தான் தெரியும். ரயிலில் போகவர சத்திரசிகிச்சை வீடியோக்களைப் பார்த்து, அரை வைத்தியனாகவே ஆகியிருந்தேன்.

தொப்புள் வழியாகக் கமரா விட்டுப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் வெளியே வந்து, ஒரு தாளில் கீறிக் காட்டினார். விதை இருக்கிறது, ஆனால் மிக உயரத்தில். அதன் இரத்தக்குழாய் கட்டை. இழுத்தாலும் விதைப்பைவரை எட்டாது. அதனால் அந்தக் குழாயைக் கட்டி விட்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு சின்னக் குழாய் உண்டு. ஆறு மாதத்தில் அது பருத்து இரத்தம் கொடுக்கப் பழகினால், இரண்டாவது சத்திரசிகிச்சையில் விதையைக் கீழே இறக்கித் தைக்கலாம். பழகாவிட்டால் விதை செத்துவிடும்.

"ஃபிரிட்ஜில் செய்வதுபோல் ஒரு துண்டு குழாய் வைத்து நீட்ட முடியாதா?" என்று என் ஓட்டைப் பிரெஞ்சில் கேட்டேன்.

"உங்கள் மகன் ஃபிரிட்ஜ் இல்லை, மிஸ்யூ," என்றார் அந்த நிபுணர் அம்மா, மிகவும் மரியாதையாக.

ஒப்பரேசன் என்று கேள்விப்பட்டால் எங்கள் சனம் பார்க்க வராமல் விடாது. அடுத்த ஞாயிறு எங்கள் ரொக்ஸ்பரோ வீடு தோடம்பழமும் பிஸ்கற்றுமாக நிரம்பியது. உண்மையிலேயே ஹேர்னியா வந்த ஒரு பெரியவர் சேர்ட்டைத் தூக்கித் தன் தழும்பைக் காட்டிவிட்டு, பிள்ளையுடையதையும் பார்க்க வேண்டும் என்றார். பிள்ளை நித்திரை என்று சொன்னேன். பிள்ளை என் தோளில் இருந்தபடி அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்த ஆறு மாதமும் பிள்ளைக்கு உடுப்பு மாற்றும்போதெல்லாம் அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டு நிற்பேன். "ஃபிரிட்ஜுக்குப் பூட்டுற கேஜைப் பூட்டி அமுக்கம் பாருங்கோவன்," என்பாள் மனைவி. ஆனால் இரண்டாவது சத்திரசிகிச்சைக்கு, மற்றப் பக்கத்திலும் ஹேர்னியா வந்துவிட்டது என்று சொல்லும் கதையை மட்டும் கவனமாகத் தயாரித்து வைத்திருந்தேன்.

இரண்டாம் முறை நிபுணர் சிரித்துக்கொண்டே வந்தார். விதை உயிரோடு இருந்தது. பையில் இறக்கித் தைத்தாகிவிட்டது. நான் நிலைகொள்ளாமல் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"இறங்கீட்டுது அண்ணை! உயிரோட இருக்கு! கீழ கொண்டுவந்து தைச்சிட்டினம்!"

காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் நான் அண்ணைக்கு அவிழ்த்துவிட்ட பொய் ஞாபகம் வந்தது. ஆறு மாதமாகக் கட்டிக்காத்த ரகசியத்தை நானே ஆஸ்பத்திரி அதிரக் கத்தியிருக்கிறேன். திக்கித் திணறி முழுவதையும் சொன்னேன்.

அண்ணை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"எனக்கும் உதுதான்ரா. ரெண்டு பக்கமும். தானா இறங்கும் எண்டு சின்னனில விட்டிட்டினம். இஞ்ச வந்து, பிள்ளை இல்லையெண்டு செக் பண்ணேக்கைதான் தெரிஞ்சது."

அண்ணைக்குப் பிள்ளை இல்லாததற்கு எங்கள் வீட்டில் எல்லோரும் அண்ணியைத்தான் குறை சொன்னோம். ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும் அண்ணி ஆறு நாளும் பட்டினி கிடந்து, கண் உள்ளே போய்க் கோயிலில் நிற்பார். இந்த முறை முருகன் கண் திறப்பார் என்று நானும் அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன்.

"அண்ணிக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியும். டொக்டர் சொல்லேக்கை பக்கத்திலதான் இருந்தவ."

"அப்ப அந்த விரதம்?"

"அது உங்களுக்குக் காட்டப் பிடிச்ச விரதமடா, என்ர குறை வெளிய தெரியக்கூடாதெண்டு," என்றார் அண்ணை.