மாமன் மடி

பழனியாத்தாளுக்குப் பொறாமை கூடப்பிறந்தது என்று அவள் புருசன் ஆறுச்சாமியே சொல்வார். கருமத்தம்பட்டி விசைத்தறிக் கூடத்தில் உடன் வேலை பார்ப்பவள் புதுச் சேலை கட்டி வந்தால், "நல்லாத்தான் இருக்குது அம்மணி, உன்ற நெறத்துக்குத்தான் எடுக்கல" என்று ஒரு வார்த்தை போடாமல் இவளுக்குச் சோறு இறங்காது. அண்ணன் மனைவி, ஓரகத்தி, ரேசன் கடையில் முன்னால் நிற்பவள் என்று யாரையும் விட்டுவைத்ததில்லை. ஒரே ஒரு விசயத்தில் மட்டும் அவள் பொறாமை வாய்திறந்து பேசியதில்லை. யாராவது இடுப்பில் பிள்ளையோடு எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். கல்யாணமாகி வெகுகாலம் அப்படித்தான் போயிற்று.

அப்புறம்தான் இனியா வந்தாள்.

பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாத குழந்தையைச் சில காலம் இன்னொரு வீட்டில் வைத்து வளர்க்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதற்கு இவர்கள் மனுக் கொடுத்தார்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வேலை பார்க்கும் சாஜிதா பேகம் வீட்டுக்கு வந்து, சமையலறை முதல் இவர்கள் மனசு வரை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார். குழந்தைகள் நலக் குழு சம்மதித்ததும் இரண்டு வயதுப் பெண்குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போதே தெளிவாகச் சொன்னார்.

"இது தத்து இல்லீங்க. இவ அம்மா சிகிச்சையில இருக்காங்க. குணமாகி வந்தா பிள்ளையைக் கேப்பாங்க. அதுவரைக்கும்தான் உங்க கையில. மொட்டை போடறது, காது குத்தறதுன்னு எதுவா இருந்தாலும் எங்களைக் கேக்காம செய்யக் கூடாதுங்க."

"அதுக்கென்னுங்க, கேட்டுப்போட்டே செய்யறேன்" என்று பழனியாத்தாள் தலையாட்டினாள். அவள் காதில் 'உங்க கையில' என்பது மட்டும்தான் விழுந்திருந்தது.

இனியாவைப் பெற்றவள் பெயர் மாசாணி. புருசன் விபத்தில் செத்துப்போன பிறகு புத்தி தடுமாறி, குழந்தையோடு பஸ் ஸ்டாண்டில் கிடந்தவள். பழனியாத்தாள் சாமி கும்பிடும்போதெல்லாம், 'இவளப் பெத்தவளுக்கும் நல்லாகோணும்' என்று பேருக்கு ஒரு வரி சேர்த்துக்கொள்வாள். வாய்வார்த்தையாக வைத்த அந்த வேண்டுதல்தான் பலித்துத் தொலைத்தது. மாசாணி தேறினாள். மதுக்கரையில் ஒரு மெஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தாள், வாடகைக்கு வீடு பிடித்தாள். மாதம் ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து மகளைப் பார்க்கவும் தொடங்கினாள்.

அன்றைக்கெல்லாம் பழனியாத்தாளுக்கு வயிறு பற்றி எரியும். குழந்தையை அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே கேட்கும் சிரிப்பை எண்ணிக்கொண்டிருப்பாள். இனியாவின் மூக்கு அச்சு அசல் மாசாணியின் மூக்கு. காய்ச்சலுக்குக் கண்விழித்தவள் ஒருத்தி, மூக்கை மட்டும் கொடுத்தவள் ஒருத்தி என்று பொருமுவாள். பெற்றவளை 'மதுக்கரை ஆண்ட்டி' என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்ததும் இவள்தான். குழந்தை சிரித்த முகமாக வெளியே வந்தால் வீடு வந்து சேரும்வரை அதனிடம் பேசமாட்டாள். போகப்போக இனியா அந்த அறையிலிருந்து சிரிக்காமல் வெளியே வரக் கற்றுக்கொண்டாள். பழனியாத்தாளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

இனியாவுக்கு ஏழு வயது நடக்கும்போது, மகளைத் தன்னிடமே அனுப்பச் சொல்லி மாசாணி குழுவிடம் கேட்டாள். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். பழனியாத்தாளுக்குக் கைகால் ஓடவில்லை. பிறகு ஒரு யோசனை ஓடியது. காது குத்திவிட்டால் என்ன? குத்தும்போது பிள்ளையை மாமன் மடியில்தானே உட்கார வைப்பார்கள். தன் அண்ணன் மடியில் ஊரறிய ஏறிவிட்ட பிள்ளையை அப்புறம் எந்தக் குழு வந்து இறக்கும்? இது அவள் கணக்கு.

"சாஜிதாம்மாவைக் கேட்டுப்போட்டுச் செய்யலாமுல்ல?" என்றார் ஆறுச்சாமி.

"கேட்டா வேண்டாம்பாங்க. நீங்க சும்மா இருங்க."

வெள்ளகோவிலில் அவள் அண்ணன் வீட்டுக் குலதெய்வக் கோயிலில் பந்தல் போட்டு, உறவைக் கூட்டிவிட்டார்கள். பட்டுப்பாவாடை கட்டிய இனியா அந்த மாமன் மடியில் கூச்சத்தோடு உட்கார்ந்தாள். ஆசாரி அவள் காதைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏனுங்க, இது ஏற்கெனவே குத்துன காதுங்க. தூந்து மூடிப்போயிருக்குது. அதுலயே குத்திறட்டுங்களா?"

எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் விரலில் பட்ட அந்தச் சின்ன முடிச்சை மரு என்றே பழனியாத்தாள் நினைத்திருந்தாள். தனக்கு முன்னால் ஒருத்தி இந்தக் காதைப் பிடித்துக்கொண்டு, இந்த அழுகையைச் சமாதானப்படுத்தியிருக்கிறாள். அவளுக்கு நெஞ்சு காந்தியது.

"வேண்டாம். தள்ளிக் குத்துங்க" என்றாள்.

விசாரணை நாளில் முதலில் தோட்டைப் பார்த்தது சாஜிதா பேகம். "என்னைக் கேக்காம இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றதோடு சரி, அப்புறம் முகம் கொடுக்கவில்லை. மாசாணி குனிந்து மகளின் காதைப் பார்த்தாள். பழைய தழும்பையும் பார்த்தாள், புதுத் துளையையும் பார்த்தாள். பிறகு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். திட்டியிருந்தால்கூடப் பழனியாத்தாளுக்குத் தேவலை போலிருந்திருக்கும்.

குழுவின் தலைவி கோபத்தை மறைக்கவில்லை. "காது குழந்தையோடது. குத்தலாமான்னு அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா? இன்னைக்கு நாங்க கேக்கப்போறோம், அவ எங்க இருக்க ஆசைப்படறான்னு" என்று இனியாவை மட்டும் உள்ளே அழைத்துப் போனார். வெகுநேரம் கழித்து இருவரும் வந்தார்கள்.

"இனியாகிட்டக் கேட்டுட்டுத்தான் இதைச் சொல்றேன்" என்றார் தலைவி. "உங்க வீட்டுலயே இருந்துக்கறேங்கறா."

பழனியாத்தாளுக்கு உச்சி குளிர்ந்தது. ஜெயித்த கண்ணோடு மாசாணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்னும் கேட்டேன். 'நான் போனா எங்கம்மா அழுவாங்க. மதுக்கரை ஆண்ட்டி அழமாட்டாங்க, அவங்களுக்குப் பழகிப்போச்சு'ங்கறா."

மாசாணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பழனியாத்தாளுக்கு அந்த அறையிலிருந்து சிரிக்காமல் வெளியே வரும் முகம் ஞாபகம் வந்தது. ஆறுதலாக இருந்ததே, அந்த முகம். ஏழு வயதுப் பிள்ளை தனக்குப் பிடித்ததைச் சொல்லவில்லை, இவள் முகம் சுண்டாமல் இருக்க என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லியிருக்கிறது. தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

"அது சொல்றதை எடுத்துக்காதீங்க" என்றாள் தலைவியிடம். "அது என்ற மூஞ்சியப் பாத்துப் பேசுதுங்க."

பிறகு இனியாவின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"கண்ணு, உனக்கு மொதல்ல காது குத்துனது நானில்ல. அவங்கதான். அவங்க ஆண்ட்டி இல்ல, உன்னப் பெத்த அம்மா. நீ போனா நான் அழுவேன்தான். அழுதுபோட்டு, சோத்தத் தின்னுபோட்டுப் படுத்துக்குவேன். அது என்ற பாடு. நீ அதுக்கோசரம் இங்க இருக்க வேண்டாம்."

"நீங்க அழுதா யாரு பாத்துக்குவாங்க?"

"உங்கப்பா இருக்கறாரில்ல."

இனியா ஆறுச்சாமியைப் பார்த்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் அவளுக்கு அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் மெதுவாக மாசாணி பக்கம் திரும்பி, "உங்க ஊட்டுப் பக்கத்துல பள்ளிக்கூடம் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

முழுப்பரீட்சை லீவுக்கு இனியா மதுக்கரைக்குப் போவாள், பிடித்திருந்தால் அங்கேயே படிப்பாள் என்று முடிவாயிற்று. அப்படி ஆனால், மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறவள் பழனியாத்தாள்.

வெளியே வந்ததும் மாசாணி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, காது குத்தறப்ப யாரு மடியிலீங்க உட்கார வெச்சீங்க?"

"எங்க அண்ணன் மடியில" என்றாள் பழனியாத்தாள் விறைப்பாக. சண்டைக்கு வருகிறாள் என்றே நினைத்தாள்.

"எனக்குக் கூடப்பொறந்தவங்க ஆருமில்லீங்க. அப்ப மடி குடுக்க ஆளில்லாம நானே வெச்சுக் குத்துனேன். இப்ப இவளுக்கு மாமன் கெடச்சுப்போட்டாரு." மாசாணி மகளின் தோட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். "இவளுக்கு மாமன்னா எனக்கு அண்ணன்தானுங்களே? பொங்கச்சீருக்கு எங்கூட்டுக்கும் வருவாருங்களா?"

பழனியாத்தாளுக்குப் பகீரென்றது. கட்டிவந்த அண்ணிக்கே அவள் அண்ணனை முழுசாக விட்டுக்கொடுத்தவள் இல்லை. இப்போது மகளும் போய், அண்ணனிலும் பாதி போகிறது. ஊரைக் கூட்டி மடியில் ஏற்றியது யார் என்று யாரிடம் போய்ச் சண்டை போடுவது? மாசாணியின் கையைப் பிடித்துக்கொண்டு இனியா சிரித்த முகமாக நின்றிருந்தாள்.

"வருவாரு" என்றாள் பழனியாத்தாள் கடைசியில். "எங்கூட்டுக்கு மொதல்ல வந்துபோட்டு, அப்புறம் வருவாரு."