தவளையின் இதயம்

நல்லசிவம் அறிவியல் படித்தவர் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்துச் சேரியிலிருந்து டெல்லிக்கு வந்து, ஒதுக்கீட்டில் அரசுக் குமாஸ்தா ஆனவர். ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ்.

எழுபதுகளில், துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டே மருத்துவப் படிப்புக்கு முயன்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் கூடிப் படிப்பார்கள். நேர்முகத்துக்கு மட்டும் அவர் பழக்கினார். மனைவியின் சால்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் பெரிய டாக்டராக உட்காருவார்.

"உக்காரச் சொன்னாத்தான் உக்காரணும். பெரியவங்க சொல்றத மறுத்துப் பேசப்படாது. நான் இந்த ஆபீஸ்ல நிலைச்சதே அப்படித்தான்."

"டாக்டரய்யா, ரேஷன் கடைக்கு யாரு போறது?" என்பாள் மனைவி ஜெயலட்சுமி, உள்ளிருந்து. பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஓர் ஆண்டு எழுத்துத் தேர்வில் தேறியவள் அம்சவேணி மட்டும். அவள் அம்மா ஆராயி ஒரு பள்ளியில் பெருக்குபவள். நேர்முகத்தன்று நல்லசிவம் லீவு போட்டுவிட்டு ஆராயியுடன் வாசலில் நின்றார். அம்சவேணி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"எப்படிப் போச்சு பிள்ள?"

"அச்சாதான் சார். தவளை இதயத்துக்கு நாலு அறைதானேன்னு பெரிய டாக்டர் கேட்டார். யெஸ் சார்னேன். நிச்சயமாவான்னார். யெஸ் சார்னேன்."

"அப்புறமென்ன!" என்று அவர் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். ஆராயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு இதைப் பெருமையாகச் சொன்னபோது, கூடப் படிக்கும் இராஜமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "மூணு சார்."

பட்டியலில் அவள் பெயர் வரவில்லை.

"மூணுன்னு உனக்குத் தெரியாதா பிள்ள?"

"தெரியும் சார். அறுத்தே பார்த்திருக்கேன்."

"பின்னே?"

"அவர் எவ்வளவு பெரிய டாக்டர், சார்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். நல்லசிவம் சொன்னார்:

"அடுத்த வருஷம் எழுது."

"அம்மாவுக்கு இடுப்பு போயிடுச்சு சார். குனிஞ்சு பெருக்க முடியல. ஒரு ஆபீஸ்ல கிளார்க் வேலைக்கு எழுதியிருக்கேன். அதுக்கும் நேர்முகம் இருக்கு. நீங்கதான் சொல்லித் தரணும்."

வேறு யாரிடமாவது கேட்கச் சொல்லலாமா என்று நினைத்தார். அப்படி யாரும் இல்லை. ஜெயலட்சுமி தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, தெரிந்ததையே சொல்லிக்கொடுத்தார். வேலை கிடைத்தது.