மஞ்சள் துணியில் முடிந்த குவார்ட்டர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் காபி போட்டுக்கொள்கிற ஆள் நான். இன்ஜினியர் புத்தி. எதுவானாலும் ஸ்க்ரூவைக் கழற்றினால் காரணம் உள்ளே இருக்கும் என்று நினைப்பேன். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

பேர்லேண்டில் எங்கள் வீட்டு கராஜில் கார் நின்றதே இல்லை. பழைய ஸ்லாட் மெஷின்களை வாங்கி ரிப்பேர் பண்ணுவது என் பைத்தியம். காசு போட்டுப் பிடியை இழுத்தால் மூன்று சக்கரம் சுற்றுமே, அந்தச் சூதாட்டப் பெட்டிதான். அந்த முறை வாங்கியது, இறந்துபோன ஒருவரின் வீட்டைக் காலி பண்ணி விற்ற சாமானில் கிடந்தது. அதில் போடுகிற காசு உடனே உள்ளே விழாது. கடைசியாகப் போட்ட ஐந்து காசும் முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நிற்கும். கள்ளக்காசு போட்டால் கடைக்காரர் கண்ணில் படட்டும் என்று அப்படி ஒரு ஏற்பாடு. இதில் நாலு குவார்ட்டர் சிக்கி நின்றன. குவார்ட்டர் என்றதும் வேறு எதையும் நினைக்காதீர்கள், கால் டாலர் நாணயம்.

அப்போது என் மகள் யாழினிக்கு ஆறு வயது. இதயத்தில் ஓட்டை, வியாழக்கிழமை ஆபரேஷன். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் சனிக்கிழமை மத்தியானம் கராஜில் போய் ஒளிந்துகொண்டேன். தூசி ஆகாது என்று அவளை அந்தப் பக்கமே விடுவதில்லை. காசு வரும் பாதையைக் கழற்றித் துடைத்து, வளைந்த தகட்டை நிமிர்த்தி, அந்த நாலு காசையும் வரிசையில் வைத்து மாட்டினேன். ஐந்தாவதாக ஒன்று போட்டால் சரியாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். வீடு முழுக்கத் தேடியும் ஒரு நாணயம் இல்லை. எல்லாம் கார்டு, போன், யாரிடம் சில்லறை இருக்கிறது சொல்லுங்கள்.

பூஜை அலமாரியில் ஒன்று இருந்தது. யாழினி நல்லபடியாகத் திரும்பினால் அம்மன் உண்டியலில் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டு என் மனைவி கவிதா மஞ்சள் துணியில் முடிந்து வைத்த குவார்ட்டர். ஐந்து நிமிடத்தில் திருப்பி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று முடிச்சை அவிழ்த்தேன்.

போட்டேன், பிடியை இழுத்தேன். மஞ்சள் ஒட்டிய அந்தக் காசு ஐந்தாவதாக வந்து நின்றதை இந்தக் கண்ணால் பார்த்தேன். பின்பக்கத்தைத் திறந்து எடுத்தால் நாலுதான் இருந்தன. பெட்ஷீட் விரித்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றினேன், பெட்டியைக் கவிழ்த்து உலுக்கினேன், எங்கேயும் இல்லை. நம்பினால் நம்புங்கள், அது விழுவதற்கு அங்கே ஒரு சந்துகூடக் கிடையாது.

உள்ளேயிருந்து கவிதா கத்தினாள். "என்னங்க, யாழி எழுப்பினா எழவே மாட்டேங்கறா, சீக்கிரம் வாங்க!"

ஓடினேன். தொட்டால் அவள் கை சில்லென்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். காசு காணாமல்போனதைக் கவிதாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷனில் நோட்டை மாற்றி வேறொரு குவார்ட்டர் வாங்கி, சமையலறை மஞ்சளைத் தடவி, அதே துணியில் அதேபோல் முடிந்து வைத்தேன். இதைவிடக் கேவலமான வேலையை என் வாழ்க்கையில் செய்ததில்லை.

வியாழக்கிழமை. மூன்று மணி நேரம் என்றார்கள், ஐந்தரை மணி நேரம் ஆனது. கவிதா அந்த முடிச்சைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு அசையும்போதெல்லாம், பொய்க்காசை வைத்துக்கொண்டு வேண்டுகிறாளே என்று எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. கடைசியில் டாக்டர் வந்து, நன்றாக முடிந்தது, ஆபரேஷனுக்காக நிறுத்திய இதயம் மறுபடி துடிக்க மட்டும் கொஞ்சம் தாமதமானது என்றார்.

சாயந்திரம் யாழினி கண் விழித்தாள். என்னைத்தான் முதலில் பார்த்தாள். எப்போதும்போல் இங்கிலீஷில்தான் பேசினாள், நான் தமிழில் சொல்கிறேன். "நான் கண்ணாடிக்குப் பின்னாடி நின்னேன். நீங்க என்னைப் பார்த்தீங்க அப்பா, ஆனா எடுக்கலை."

"மருந்து மயக்கம்டா தங்கம்" என்று கவிதா அவள் தலையைத் தடவினாள்.

"எனக்கு முன்னாடி நாலு பேர் லைன்ல நின்னாங்க. அவங்க இன்னும் வெயிட் பண்றாங்கப்பா."

மயக்க மருந்து என்றுதான் நீங்களும் சொல்வீர்கள். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். யாழினிக்கு இப்போது பத்து வயது, சாக்கர் ஆடுகிறாள், எதுவும் நினைவில்லை என்கிறாள். மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன், மஞ்சள் காசு கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த நாலு குவார்ட்டர் மட்டும் என் மேஜை டிராயரில் இருக்கின்றன. செலவு பண்ணவும் முடியவில்லை, உண்டியலில் போடவும் கை வரவில்லை. யார் யாருக்காக முடிந்து வைத்த காசோ, எனக்கு எப்படித் தெரியும்?