மெரேட்டாவின் மூன்றாவது பட்டியல்

மெரேட்டா ஹோல்க் போட்ட பட்டியலை யாரும் படித்ததில்லை. அவள் போட்டது என்பதே எங்களுக்குப் போதும். எங்கள் கட்சியின் இளைஞர் அணியில் பதினோரு வருடம் இப்படித்தான் நடந்தது. நானும் அந்த அணியில்தான் இருந்தேன், நானும் படித்ததில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் நழுவப் பார்ப்பேன், என் குணம் எனக்குத் தெரியும்.

எஸ்பியர் துறைமுகத்துக்குப் பின்னால் மீன் குடோன்கள் இருந்த தெருவில் பிறந்தவள் அவள். அப்பாவுக்கு நடுக்கடலில் எண்ணெய் மேடையில் வேலை. இரண்டு வாரம் கடல், மூன்று வாரம் வீடு. அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில். பதினைந்து வயதில் அணியில் சேர்ந்தாள். எங்கள் கிளையில் வியாழக்கிழமை தோறும் வாஃபிள் சுடுவார்கள், அதற்காகத்தான் வந்தாள் என்று அவளே சொல்வாள். கொள்கையெல்லாம் பின்னால் வந்தது.

வளர்ந்ததும் நகராட்சியின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. நாள் முழுக்கக் குப்பிகளில் தேதி எழுதி ஒட்டுவாள். வீட்டில் ஊறுகாய்ப் பாட்டிலுக்கும் தேதி ஒட்டுவாள். மதியம் சாப்பிடும் கறுப்பு ரை ரொட்டியை நான்கு சமத்துண்டாக வெட்டி, கடைசித் துண்டில்தான் ஈரல் பேஸ்ட் தடவுவாள். "நல்லதைக் கடைசியா சாப்பிடணும்டா, க்ரெஸ்டன்" என்பாள். என் பெயர் க்ரெஸ்டன். அவளைவிட ஆறு வயது சின்னவன், அதே கிளை.

அணியின் நிலைப்பாட்டுப் புத்தகத்தை அவளிடம் ஒப்படைத்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. வேறு யாருக்கும் அந்த வேலை பிடிக்கவில்லை. ரயில் கட்டணம், பன்றிப் பண்ணைக் கழிவு, கஞ்சா, அரச குடும்பம், கட்டாய ராணுவ சேவை என்று எங்களுக்குக் கருத்து இல்லாத விஷயமே கிடையாது. எல்லாம் அந்தப் புத்தகத்தில் எண் போட்டு இருக்கும். அணியின் பெயரில் பேசுபவர் யாரானாலும் புத்தகத்தில் உள்ளதைத்தான் பேச வேண்டும். இல்லாததைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது.

ஒரு தீர்மானத்துக்கு ஆயுள் ஐந்து வருடம். ஐந்து முடிந்தவற்றை மார்ச் மாநாட்டுக்கு முன் மெரேட்டா மூன்றாகப் பிரிப்பாள். புதுப்பிக்க வேண்டியவை முதல் பட்டியல். விவாதிக்க வேண்டியவை இரண்டாவது. மூன்றாவது, நிறைவேறியவை, அதாவது நாங்கள் கேட்டது சட்டமாகவே ஆகிவிட்டதால் புத்தகத்தை விட்டு எடுத்துவிடலாம் என்பவை. இரண்டாவதுக்குத்தான் அடிதடி. முதலும் மூன்றும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மொத்தமாக ஒரே ஓட்டில் போகும். அதிலிருந்து ஏதாவது ஒன்றைத் தனியே எடுத்துப் பேச வேண்டுமென்றால் ஒருவர் கை தூக்கினால் போதும். இருநூறு பேரில் ஒரே ஒருவர்.

பத்தொன்பது வயதில் அவளே ஒரு தீர்மானம் எழுதினாள். முப்பத்தொன்றாம் எண். இந்த நாட்டுப் பள்ளியில் ஐந்து வருடம் படித்த யாரையும் நாட்டை விட்டு அனுப்பக் கூடாது. அவ்வளவுதான், ஒற்றை வரி. எதிர்த்து ஒரு சிவப்பு அட்டைகூட எழவில்லை. ஐந்து வருடம் கழித்து ஒருமுறை புதுப்பித்தோம். அவளுக்கு இருபத்தேழு வயதானபோது அதுவே நாட்டின் சட்டமும் ஆனது. அன்று கிளையில் வாஃபிளுக்கு மேல் இரண்டு கரண்டி ஜாம் போட்டோம்.

அந்தச் சட்டத்தின் நிழலில் இருந்தவன் தெஸ்ஃபாய். எரித்ரியாவிலிருந்து ஒன்பது வயதில் வந்தவன். எங்கள் ஊர்ப் பேச்சு எங்களைவிடக் கொச்சையாக அவன் வாயில் வரும். மின்வேலை பழகிக்கொண்டிருந்தான். எங்கள் கிளையில் கம்பி, பிளக், ஸ்பீக்கர் எது கெட்டாலும் அவன்தான். கூடவே வாயும் அதிகம். "பட்டியல் ராணி வர்றா, தேதி ஒட்டிடப் போறா, எல்லாரும் நெத்திய மூடிக்கோங்க!" என்று மெரேட்டாவைக் கிண்டல் செய்வான். அவளும் லேபிளை உருவி அவன் முதுகில் ஒட்டிவிட்டுப் போவாள். பொதுத் தேர்தலில் அவனுக்கு ஓட்டு இல்லை. ஆனால் அணி மாநாட்டில் பிரதிநிதிகள் எல்லோருக்கும் போல அவனுக்கும் ஒரு பச்சை அட்டை, ஒரு சிவப்பு அட்டை. இந்த நாட்டில் அவன் கையில் இருந்த ஓட்டு அது ஒன்றுதான்.

மெரேட்டாவுக்கு இருபத்தொன்பது ஆகும் வருடம் திட்லெவ் அணியின் தலைவரானான். கோப்பன்ஹேகன்காரன், நல்ல உயரம், யாருடன் பேசினாலும் தோளில் கை போடுகிறவன். ஜனவரியில் எங்கள் கிளைக்கு வந்து புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்தான்.

"மெரேட்டா, இது புத்தகமா, தலையணையா? நூத்தி நாப்பது பக்கம்! எவன் படிப்பான்? நாப்பது பக்கத்துக்குள்ள கொண்டு வா. சட்டமானதை எல்லாம் எதுக்குச் சுமக்கணும்?"

"அதுக்குத்தானே மூணாவது பட்டியல் இருக்கு" என்றாள் அவள், கொஞ்சம் ரோஷத்தோடு.

அதன்பின் இரண்டு முறை போன் செய்தான். இரண்டாவது முறை நான் பக்கத்தில் இருந்தேன். "முப்பத்தொண்ணு நிறைவேறினதுல இருக்கா? சரி, நல்லது" என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது. ஒரு தலைவர் தன் பட்டியலை இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறாரே என்று அவளுக்குப் பெருமை. எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

மாநாடு ஹோர்சன்ஸில், ஒரு பள்ளிக்கூடத்தில். வழக்கம்போல வகுப்பறைத் தரையில் பாய் விரித்துப் படுத்தோம், காலையில் உடற்பயிற்சிக் கூடத்தில் கூடிப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பாடினோம். மதியத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் மூன்றாவது பட்டியல் வந்தது. வெளியே சூப் வாசனை. "எதையாவது தனியா எடுக்கணுமா?" என்று அவைத்தலைவர் கேட்டார். யாரும் அசையவில்லை. "மெரேட்டா போட்டதா? அப்ப ஓகே!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். பச்சை அட்டைகள் எழுந்தன. என் ஒரு கையில் பன், மறு கையில் அட்டை. அணியின் படக்காரர் மேடையிலிருந்து படம் எடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. சூப்பில் உப்பு போதவில்லை என்று குறை சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

நவம்பரில் எங்கள் தாய்க் கட்சி வலதுசாரிகளோடு கூட்டு சேர்ந்தது. அதற்கு விலையாக ஒரு மசோதா. பள்ளியில் படித்தவர்களுக்கான அந்தச் சட்டத்தை நீக்குவது. தொலைக்காட்சியில் திட்லெவிடம் கேட்டார்கள், இளைஞர் அணி என்ன சொல்கிறது என்று. அவன் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "எங்களுக்கு இதுல நிலைப்பாடு எதுவும் இல்ல" என்றான். பொய் சொல்லவில்லை, பாவி.

நாங்கள் கிளையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வாஃபிள் கருகியது. யாரும் எழுந்து அணைக்கவில்லை. மெரேட்டா அலமாரியிலிருந்து புதிய புத்தகத்தை எடுத்து முப்பதாம் எண்ணைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள். முப்பதுக்குப் பிறகு முப்பத்திரண்டு.

"நான்தான் எடுத்தேன்" என்றாள்.

"சட்டமானதுனாலதானே எடுத்த?" என்றான் தெஸ்ஃபாய். "விடு. மசோதாதானே. இன்னும் ஓட்டெடுப்பே வரலையே."

அவன் எழுந்துபோய் அடுப்பை அணைத்தான்.

மசோதாவின் கடைசி ஓட்டெடுப்பு மார்ச் முடிவில். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை ஒரே ஓட்டில் தொங்கியது. எங்கள் அணியிலிருந்து போன இளம் உறுப்பினர்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அணியின் புத்தகத்தை மீறி ஓட்டுப் போடுவதில்லை என்று எங்கள் முன்னால் வாக்குக் கொடுத்துப் போனவர்கள். மெரேட்டா இருவரையும் போய்ப் பார்த்தாள். இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "புத்தகத்துல இருந்தா எதிர்த்துப் போடுறோம். இல்லேன்னா கட்சி சொல்றதுதான்." ஆகவே மார்ச் மாநாட்டில் அந்த ஒற்றை வரி மறுபடி ஏற வேண்டும். ஏறினால் தெஸ்ஃபாய் இங்கே இருப்பான், இல்லையென்றால் இல்லை.

ஆனால் பிப்ரவரி ஒன்பதாம் தேதி மெரேட்டாவுக்கு முப்பது முடிகிறது. முப்பது ஆனவர் அணியில் இருக்க முடியாது. கல்யாணமாகாதவர்களைப் பிறந்தநாளுக்கு இலவங்கப்பட்டைத் தூளைத் தலையில் கொட்டிக் கேலி செய்வது எங்கள் நாட்டு வழக்கம், அதற்கு வயது இருபத்தைந்து. முப்பதுக்கு மிளகுத் தூள். எங்கள் கிளையில் யாருக்கும் கொட்ட மனம் வரவில்லை. அவளே தன் ஓட்டு அட்டைகள் இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ கொண்டு வரணும்டா. நான் எழுதித் தர்றேன். நீ எந்திரிச்சு நின்னு ரெண்டு நிமிஷம் பேசணும், அவ்வளவுதான்."

"பேசறேன். கண்டிப்பா."

"சனிக்கிழமை காலைலயே நிகழ்ச்சி நிரலை மாத்தச் சொல்லிக் கேளு. கடைசிக்குத் தள்ளினா நேரம் போயிடும். எனக்குத் தெரியும், பதினோரு வருஷமா நான் அப்படித்தான் தள்ளியிருக்கேன்."

இந்த மாநாடு வெய்லேவில், வேறொரு பள்ளிக்கூடம். தெஸ்ஃபாய் வரவில்லை, திங்கட்கிழமை அவனுக்கு மின்வேலைத் தேர்வு. எங்கள் கிளைப் பிரதிநிதி நான் ஒருவன்தான். மெரேட்டா விருந்தினராக வந்தாள். உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரில் ஏறிப் பழகும் மரச்சட்டங்கள் இருக்குமே, அவற்றின் அருகே விருந்தினர் பெஞ்சு.

சனிக்கிழமை காலை நிரலை மாற்றக் கேட்க நான் எழுந்ததுமே திட்லெவ் வந்து தோளில் கை போட்டான். "க்ரெஸ்டன், நிரலைக் கிளறாத. நாளைக்குக் காலைல மொத விஷயமே உன்னுதுதான், சத்தியமா. அப்புறம், செயற்குழுப் பட்டியல்ல உன் பேரைப் போட்டிருக்கேன், தெரியும்ல?"

தெரியும். அதனால்தான் உட்கார்ந்தேன். நம்பி உட்கார்ந்தேன் என்று நீண்ட நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மெரேட்டா பெஞ்சிலிருந்து என்னையே பார்த்தாள். நான் காபி டம்ளருக்குள் பார்த்தேன்.

ஞாயிறு காலை முதல் விஷயம் செயற்குழுத் தேர்தல். மூன்று சுற்று. நான் ஜெயித்தேன், கைதட்டினார்கள். மணி இரண்டை நெருங்கியது. பள்ளிக் காவலாளி வாசலில் சாவிக்கொத்தோடு நின்றார், பாதிப் பேர் தோளில் பை மாட்டிவிட்டார்கள், ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மீதமுள்ள தீர்மானங்கள் எல்லாவற்றையும் மொத்தமாகச் செயற்குழுவுக்கு அனுப்பலாம் என்றார் அவைத்தலைவர். "எதையாவது தனியா எடுக்கணுமா?"

திட்லெவ் குனிந்து என் காதில் சொன்னான். "நீயே செயற்குழுவுல இருக்கியே. அங்க வச்சு முடிச்சுடலாம்."

செயற்குழு கூடுவது ஏப்ரலில். ஓட்டெடுப்பு அதற்கு முன்னால். இது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். கை தூக்கினால் போதும் என்பதும் தெரியும். என் கை மேசையின் கீழே இருந்தது, அதை நான் தூக்கவில்லை.

மெரேட்டா தூக்கினாள். பெஞ்சின் மேலேயே ஏறி நின்று, அட்டை இல்லாத வெறும் கையை உயர்த்தினாள்.

"மன்னிக்கணும்" என்றார் அவைத்தலைவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "விருந்தினருக்கு உரிமை இல்ல."

பச்சை அட்டைகள் எழுந்தன.

மசோதா ஒரு ஓட்டில் நிறைவேறியது. மே மாதம் தெஸ்ஃபாய்க்குக் கடிதம் வந்தது. தேர்வில் அவன் தேறியிருந்தான், அந்த முடிவுக் கடிதமும் அதே வாரம்தான் வந்தது. ஜூன் பன்னிரண்டுக்குள் வெளியேற்ற முகாமில் ஆஜராக வேண்டும். அவன் நாட்டுக்கு யாரையும் வலுக்கட்டாயமாக அனுப்ப முடியாது. அதனால் முகாமில் எவ்வளவு காலம் என்று கடிதத்தில் எழுதவில்லை.

மெரேட்டாவின் பழைய ஸ்கோடாவில் அவனைக் கொண்டுபோய் விட்டோம். நான் பின்சீட்டில். வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நல்ல வெயில். வழி நெடுக அவன் சாலையோரத்து மின்கம்பங்களைக் குறை சொல்லிக்கொண்டே வந்தான். முகாம் வேலி தெரிந்ததும் மெரேட்டா பக்கம் திரும்பினான்.

"மெரேட்டா, ஒண்ணு கேக்கணும். ஹோர்சன்ஸ்ல அந்த மூணாவது பட்டியலுக்கு நானும் அட்டை தூக்கினேனா?"

அவள் சாலையைப் பார்த்தே சொன்னாள். "இல்ல. நீ அப்ப வெளிய ஸ்பீக்கர் வயரைச் சரி பண்ணிட்டிருந்த."

"அப்படியா" என்றான். மடியிலிருந்த பையை இழுத்து அணைத்துக்கொண்டான். "நல்லா ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நீ உள்ளயே இல்ல."

வண்டி நின்றதும் அவன் பையைத் திறந்து இந்த வருடம் அச்சான புத்தகத்தை எடுத்தான். நாற்பது பக்கம், பளபளப்பான மேலட்டை. மேலட்டையில் போன வருட ஹோர்சன்ஸ் மாநாட்டுப் படம். எனக்கு அந்தப் படம் தெரியும், ஏப்ரல் செயற்குழுவில் அதைத் தேர்ந்தெடுத்தவர்களில் நானும் ஒருவன். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று அப்போதும் சரியாகப் பார்க்கவில்லை.

புத்தகத்தை மெரேட்டாவின் மடியில் வைத்துவிட்டு அவன் இறங்கினான். கோபம் எதுவும் இல்லை. அவள் தோளை ஒருமுறை தட்டினான், என்னைப் பார்த்துத் தலையசைத்தான், கதவை மெதுவாகச் சாத்தினான். காவலர் அவன் பெயரைத் தப்பாகச் சொல்ல, அவன் எங்கள் ஊர்க் கொச்சையில் திருத்திச் சொன்னதும், காவலர் சிரித்ததும் கேட்டது. பிறகு உள்ளே போய்விட்டான்.

மெரேட்டா குனிந்து மேலட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில், என் பன்னுக்குப் பக்கத்தில், தெஸ்ஃபாய் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு தன் பச்சை அட்டையை எல்லோரையும்விட உயரமாகத் தூக்கிப் பிடித்திருந்தான்.