இடது போட்டால் இரண்டும் மின்னிய வான்

இடப்பக்க சிக்னலைப் போட்டால் என் பழைய டெலிவரி வானில் இரண்டு பக்கமும் மின்னத் தொடங்கியது. வலதைப் போட்டாலும் அதே கதைதான். “உங்களை மாதிரித்தான், ஒரு முடிவுக்கு வராது” என்றாள் மனைவி.

வாகனப் பரிசோதனைக்கு மறுநாளே கடைசி நாள். தவறினால் வான் ரோட்டில் ஏறக்கூடாது. வான் இல்லையென்றால், விடிய எழும்பி பேக்கரியிலிருந்து கடைகளுக்குப் பாண் கொண்டுபோகிற என் வேலையும் இல்லை.

மின்வேலையை எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை, பிழைவிட்டுப் பழகியதுதான். குளிர்நாட்டில் நாங்கள் குடியிருக்கும் பியோர்ண்டாலில், எங்கள் மாடிவீட்டின் கீழே, விரல் விறைக்க விறைக்க, முதலில் பிளாஷரை மாற்றினேன். சிக்னலை டிக் டிக்கென்று விட்டுவிட்டு எரியவைக்கிற சின்னப் பெட்டி அது. மாற்றியும் இரண்டும் மின்னின. பல்புகளைக் கழற்றிப் பார்த்தேன், நல்ல பல்புகள். பின்விளக்கின் எர்த் வயரில் கறள் இருந்தது, சுரண்டி இறுக்கினேன். இரண்டும் முன்னைவிடப் பிரகாசமாக மின்னின. என்ன செய்கிறேன் என்று எனக்கே விளங்காத கட்டம் அது.

மனைவியின் தம்பி கோப்பியோடு இறங்கிவந்தான். எப்போது தொடங்கியது என்று கேட்டான். போன கிழமை என்றேன். கோப்பியை என்னிடம் தந்துவிட்டு வானுக்குள் எட்டிப் பார்த்தான்.

“அந்தோனியார் வந்த பிறகோ, அத்தான்?”

ஸ்டியரிங்குக்கு முன்னால் மனைவி ஒட்டிவைத்த அந்தோனியார் சுருவத்தின், அந்தச் சின்னச் சிலையின், அடியில் ஒரு குட்டி லைட் இருந்தது. அது பட்டரியில் தானாக மின்னுகிறது என்றே நான் நினைத்திருந்தேன்.

“அக்காதான் சொன்னவ, நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தோனியார் எரியவேணும் எண்டு. ரெண்டு பக்க வயரையும் ஒண்டாச் சேர்த்துக் குடுத்தனான்.”

இடதுக்குப் போன மின்சாரம் அந்த முடிச்சு வழியாக வலதுக்கும் ஓடியிருக்கிறது. வெட்டப் போனேன். மேலே பல்கனியில் நின்ற மனைவி, பனிக்கால ரோட்டில் வெளிச்சமில்லாத அந்தோனியாரோடு போகவேண்டாம் என்றாள். முடிச்சை அவிழ்த்து, சாவி போட்டவுடன் எரிகிற வயருக்கு லைட்டை மாற்றினோம்.

“அப்ப நேராப் போகேக்கையும் எரியுமோ?”

“ஓம் அக்கா.”

“இதை முதலே செய்திருக்கலாமே.”

மறுநாள் பரிசோதகர் வானுக்குப் பின்னால் நின்று இடது என்று கைகாட்டினார். போட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. வலதுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. நல்லதா கெட்டதா என்று தெரியாமல் கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்தேன். அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கடைசியில் கூரையில் இரண்டு தட்டுத் தட்டி, வெளியே போ என்று கையைக் காட்டினார். வான் பாஸா என்று இறங்கிப்போய்க் கேட்டேன். அதைத்தானே சொன்னேன் என்றார்.